சின்னத்திரை முகமும் சொந்தப் பாட்டும்: வாசகர் கேள்வி – பதில்

தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒலிவியா ரோட்ரிகோ 17 வயதில் உலகறிந்த பாடகியானதைச் சென்ற இதழில் அரைப் பக்கத்தில் எழுதியிருந்தோம். அதற்கு டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே.

ஒரே பாட்டில் உச்சிக்குப் போய்விட்டார் என்கிறீர்கள். என் மகளும் "முதலில் சீரியல், அப்புறம் பாட்டு" என்று கிளம்பியிருக்கிறாள். நடக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

ஒரே பாட்டு என்பது நம் கண்ணுக்குப் பட்ட கணக்கு. 2016-ல் 'பிசார்ட்வார்க்' என்ற சிறுவர் தொடரில் அவர் நடிக்க வந்தார். அந்தப் பாத்திரத்துக்குக் கிட்டார் வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதால் கற்றுக்கொண்டார். 2019 நவம்பரில் அடுத்த தொடர், 'ஹைஸ்கூல் மியூசிக்கல்' வரிசையில் வந்தது. அதில் அவர் பாத்திரம் பாடும் 'ஆல் ஐ வான்ட்' பாட்டை அவரே எழுதினார். அமெரிக்காவின் பிரபல பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது 90-வது இடத்தைத் தொட்டது. பெரிய இடமில்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கு எழுதவும் வரும் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தது அந்தப் பாட்டால்தான். 2020-ல் ஒப்பந்தம். 2021 ஜனவரி 8 அன்று 'டிரைவர்ஸ் லைசென்ஸ்' வெளியாகி முதலிடத்திலேயே நுழைந்து 8 வாரம் அங்கேயே இருந்தது. முதல் தொடரிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட 5 வருஷம்.

சீரியல் முகம் முதல் நாள் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டாம் நாளும் வந்து கேட்க வைப்பது பாட்டின் வேலை. ஆகவே உங்கள் மகள் ஆடிஷனுக்கு முன்னால் நோட்டைத் திறக்கட்டும். வாரத்துக்கு ஒரு பல்லவி, ஒரு சரணம். போனில் பாடிப் பதிந்து தேதி போட்டு வைத்துவிட்டு, பத்து நாள் கழித்துக் கேட்க வேண்டும். பத்து நாளில் மறந்துபோன மெட்டு மறந்தே போகட்டும். மறக்காமல் வாயில் வந்து நிற்பதை மட்டும் மேலே கொண்டு போகலாம்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும். நம் பக்கம் நடந்ததுண்டா? (வாசகர், மயிலாடுதுறை)

உங்கள் ஊர்க்காரரையே மறந்துவிட்டீர்களே! 1910-ல் மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், திருச்சியில் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறியபோது சின்னப் பையன். அன்றைக்குச் சின்னத்திரை நாடகக் கொட்டகைதான். மேடைப் பாட்டில் பெயர் எடுத்தபின் 1934-ல் 'பவளக்கொடி'. அந்தப் படத்தை இயக்கிய கே. சுப்ரமணியம் பாபநாசத்துக்காரர். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. நடிப்பு கதவைத் திறந்துவிட்டது, கொட்டகையை நிரப்பியது பாட்டு.

12 வயது மகளைச் சீரியலுக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். எதை எதைக் கேட்டு வாங்க வேண்டும்? (வாசகர், மன்னார்குடி)

14 வயது முடியாத பிள்ளை என்பதால் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2017-ல் திருத்தப்பட்ட அதன் விதிகளும் பொருந்தும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரம் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும். அனுமதி வாங்குவதும் அவர் பொறுப்பே. அதைப் படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தில்தான் வாங்க வேண்டும். சென்னையில் படப்பிடிப்பு என்றால் திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்கு அலைவது வீண். அனுமதியின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். "எல்லாம் பார்த்துக்கிறோம் சார்" என்றால் இன்னும் வாங்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தில் ஒரு விதி முக்கியம். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் பிள்ளையின் பெயரிலேயே வைப்புநிதியாகப் போக வேண்டும். மேஜரானபின் அது அவள் கைக்கு வரும். அமெரிக்காவில் இதற்கு அண்ணன் முறையான சட்டம் 1939-லேயே வந்தது. சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் சம்பாதித்ததை வீட்டார் செலவழித்துவிட்ட வழக்குதான் காரணம். கலிஃபோர்னியாவில் அது 15 சதவீதம்.

வரி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். மைனரின் வட்டி வருமானம் பெற்றோர் கணக்கில் சேரும். ஆனால் சொந்தத் திறமையால் சம்பாதித்தது சேராது, பிள்ளையின் பெயரிலேயே நிற்கும். ஆகவே மகளுக்கு பான் அட்டை எடுங்கள். பிடித்தம் செய்த வரி திரும்ப வேண்டுமென்றால் அவள் பெயரில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் பான் எண்ணைக் கொடுத்துவிட்டால் அது உங்கள் வருமானமாகப் பதிவாகிவிடும்.

இன்னொன்று, மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது. சரி, அப்பா கையெழுத்துப் போட்டால்? 1940-களின் இறுதியில் ராஜ் ராணி என்ற சிறுமிக்காக அவள் அப்பா ஒரு பட முதலாளியோடு ஒப்பந்தம் போட்டார். பாதியில் அவளை நிறுத்திவிட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணால் நஷ்டஈடு வாங்க முடியவில்லை. ஒப்பந்தமே நிற்காது என்றது தீர்ப்பு. இதற்கு நடைமுறை மருந்து, பாக்கி வைக்காமல் வாங்குவது. மாதக் கடைசிக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு கால்ஷீட் கட்டுக்கும் முன்பணம் என்று பேசுங்கள்.

மன்னை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து போய் இறங்கிய காலையில் பாட்டுப் பதிவு வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து மூன்று நான்கு மணி நேரமாவது ஆனால்தான் குரல் வழிக்கு வரும். வசனம் வேண்டுமானால் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.

14 வயது மகன் பள்ளி மேடைகளில் 5 கட்டை சுருதியில் பாடிக்கொண்டிருந்தான். மூன்று மாதமாகக் குரல் உடைகிறது. பாட்டையே நிறுத்திவிடலாமா? (வாசகி, பட்டுக்கோட்டை)

இது மகரக்கட்டு. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில், ராஜபார்ட் எனும் நாயக வேஷம் போட்ட பையன்கள் பயந்த சொல் இது. குரல் உடைந்தால் வேஷம் போய்விடும். இப்போது அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. குரல்நாண் நீண்டு தடிப்பதால் பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் இரண்டு மூன்று சுரம் அளவுதான் இறங்கும் என்பதால் வெளியே தெரிவதில்லை.

பாட்டை நிறுத்த வேண்டாம், பழைய 5 கட்டையை விட்டுவிடச் சொல்லுங்கள். தினம் 15 நிமிடம், எந்த இடத்தில் சிரமமில்லையோ அந்த நாலைந்து சுரத்துக்குள் மட்டும் மெல்லப் பாடட்டும். மேல் ஷட்ஜத்தை எட்டிப் பிடிக்கும் வீரம் வேண்டாம். மாதம் ஒருமுறை எந்தச் சுரத்திலிருந்து எது வரை சுகமாக வருகிறது என்று எழுதி வைத்தால், எல்லை எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். 1 கட்டை, ஒன்றரைக் கட்டைப் பக்கம் வந்து நிற்பது சகஜம். குரல் கட்டியபோது கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது, அதுவும் நாணை இறுக்கும். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு குறையவேயில்லை, வலிக்கிறது என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேடை ஒத்துக்கொண்டாயிற்று என்றால் பழைய கரோக்கி ட்ராக்கை ஆப்பில் இறக்கிப் பாட வைப்பார்கள். இரண்டு மூன்று சுரத்துக்கு மேல் இறக்கினால் தபலாவே தண்ணீர்க் குடம் போல ஒலிக்கும். ஆர்கெஸ்ட்ராவோடு புதுக் கட்டையில் ஒத்திகை பார்ப்பதே வழி.

சீரியலில் தெரிந்த முகமான என் தங்கைக்கு ஒரு மியூசிக் கம்பெனி 2 லட்சம் அட்வான்ஸ், 5 பாட்டு ஒப்பந்தம் தருகிறது. 20 சதவீதப் பங்கு. கையெழுத்துப் போடலாமா? (வாசகர், கும்பகோணம்)

2 லட்சம் எந்தப் பெயரில் வருகிறது என்று பாருங்கள். திரும்பப் பிடிக்கும் அட்வான்ஸ் என்றால் அது சம்பளமாகாது, அவள் பங்கிலிருந்தே கழிக்கப்படும் கடன். பாட்டும் வீடியோவும் எடுக்க 3 லட்சம் செலவு, அதையும் அவள் பங்கிலேயே கழிப்போம் என்று எழுதியிருந்தால் மொத்தம் 5 லட்சம். பாட்டு 10 லட்சம் சம்பாதித்தால் அவள் பங்கு 2 லட்சம், கையில் வருவது பூஜ்யம். 25 லட்சம் சம்பாதித்தபின்தான் அடுத்த ரூபாயில் 20 காசு அவளுக்கு. ஆகவே சதவீதத்தில் பேரம் பேசுவதைவிட எதை எதைக் கழிப்பார்கள் என்பதில் பேரம் பேசுங்கள். அட்வான்ஸை மட்டும் கழிக்கலாம், வீடியோ செலவில் பாதி கம்பெனியுடையது என்று மாற்றினாலே கணக்கு வேறாகிவிடும். ஐந்து பாட்டுக்கும் ஒரே கடன் கணக்கா, பாட்டுக்குப் பாட்டு தனியா என்பதையும் கேளுங்கள். ஒரே கணக்கு என்றால் ஓடிய பாட்டு ஓடாத நான்குக்கும் வட்டி கட்டுவது போலத்தான்.

அடுத்தது உரிமை. நம் நிலக் கணக்கில் சொன்னால் கிரயம் வேறு, குத்தகை வேறு. ஒப்பந்தத்தில் 'உரிமை மாற்றம்' என்றிருந்தால் கிரயம், 'உரிமம்' என்றிருந்தால் குத்தகை. ஒலிப்பதிவு ஒரு நிலம், வரியும் மெட்டும் இன்னொரு நிலம். இரண்டையும் ஒரே பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம், அங்கேதான் நிதானிக்க வேண்டும். ஒலிவியா ரோட்ரிகோ தன் ஒலிப்பதிவுகளின் மேல் தனக்குக் கட்டுப்பாடு இருக்கும்படி பேசிக்கொண்டே கையெழுத்திட்டார். டெய்லர் ஸ்விஃப்ட்டின் பழைய ஒலிப்பதிவுகள் கை மாறிப் போனது ஒலிவியாவுக்குப் பாடம். புதுமுகத்துக்கு அவ்வளவு கிடைக்காது என்றாலும், 'நிரந்தரம்' என்ற சொல்லை '10 ஆண்டு' என்று மாற்றக் கேட்பதில் தப்பில்லை.

நம் காப்புரிமைச் சட்டம் சில இடங்களில் கைகொடுக்கும். ஆண்டுக்கணக்கு எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ஆனால் கம்பெனித் தாளில் 'உலகம் முழுவதும், என்றென்றும்' என்று ஏற்கெனவே அச்சாகி இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பின், பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டியில் சரிபாதியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. அது சட்டம் கொடுத்த பங்கு. தங்கை தானே எழுதினால், பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத பாட்டின் பங்கு தானாக வீடு தேடி வராது.

ஒப்பந்தத்தில் அவசியம் அடித்து நீக்க வேண்டியவை: யூடியூப் சேனலும் இன்ஸ்டா கணக்கும் கம்பெனி மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்ற வரி, அவள் பெயரையே கம்பெனி வர்த்தகக் குறியாகப் பதியலாம் என்ற வரி, ஐந்து பாட்டை எப்போது வெளியிடுவார்கள் என்று தேதியே இல்லாத பத்தி. கடைசியது மிக மோசம். இரண்டு பாட்டு போட்டுவிட்டுக் கிடப்பில் வைத்தால் அவள் வெளியேயும் பாட முடியாது. 'கடைசிப் பாட்டு வந்து 9 மாதத்துக்குள் அடுத்தது வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சீரியல் ஒப்பந்தத்தையும் எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். சேனலுக்கு வெளியே பாடக் கூடாது என்ற விதி அதில் ஒளிந்திருக்கலாம்.

பழைய பாட்டைப் பாடி யூடியூபில் போட்டால் வழக்கு வருமா? தியாகராஜர் கீர்த்தனைக்கும் உரிமை உண்டா? (வாசகி, திருவாரூர்)

தியாகராஜர் மறைந்தது 1847-ல். இயற்றியவர் காலம் முடிந்து 60 ஆண்டு வரைதான் உரிமை என்பதால் கீர்த்தனை எல்லோருக்கும் பொது. ஆனால் ஒருவர் பாடிய ஒலிநாடாவை எடுத்துப் போடக் கூடாது, அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு உண்டு. பட்டுக்கோட்டையார் பாட்டில் இன்னொரு சிக்கல். அவர் மறைந்தது 1959-ல் என்பதால் வரிகளின் காலம் முடிந்தது. மெட்டமைத்தவர்களில் பலரோ அவருக்குப் பின் பல பத்தாண்டு வாழ்ந்தவர்கள், அவர்கள் மெட்டின் உரிமை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வரியை எடுத்துப் புது மெட்டில் பாடலாம், சினிமா மெட்டில் பாட அனுமதி வேண்டும்.

ராகம் யாருக்கும் சொந்தமில்லை. சங்கதியோடு கூடிய ஒரு மெட்டின் ஓட்டம் சொந்தமாகலாம். ஒலிவியாவின் 'குட் ஃபோர் யு' வெளியானபின், பாரமோர் குழுவின் பழைய பாட்டுச் சாயல் இருப்பதாகப் பேச்சு எழுந்து, அந்தப் பாட்டை எழுதிய இருவரின் பெயரும் எழுதியவர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'டெஜா வூ'வுக்கும் அப்படியே. பாட்டு வெற்றி பெற்றபின் பங்கு பிரிப்பதைவிட முன்னாலேயே கேட்டுவிடுவது மலிவு.

யூடியூபில் 'க்ளெய்ம்' (இது என் பாட்டு என்ற உரிமைக் கோரல்) வந்தால் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. 'ஸ்ட்ரைக்' (உரிமை மீறல் எச்சரிக்கை) வேறு. 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

வீட்டிலேயே பதிவு செய்கிறோம். மழைக்காலத்தில் மைக் பொரிகிறது, பின்னணியில் 'உம்ம்' சத்தம். என்ன கோளாறு? (வாசகர், நாகப்பட்டினம்)

பொரிவது ஈரம். கன்டென்சர் மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் ஈரம் ஏறினால் மின்னூட்டம் கசியும். சுண்டலை வறுப்பது போலச் சத்தம் வரும், சத்தத்தின் அளவும் ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் இது தப்பாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மைக்கை வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று தெரியும். அரிசி டப்பாவில் புதைக்கும் வழக்கம் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போனால் மைக் அவ்வளவுதான். ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் அரை மணி நேரம் பொறுத்துப் போடுங்கள். மழைக்காலம் முழுக்கப் பதிவு உண்டு என்றால் டைனமிக் மைக் ஒன்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், அதற்கு இந்தச் சீக்கு கிடையாது.

'உம்ம்' என்பது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் அல்லது எர்த் கோளாறு. பழைய வீடுகளில் மூன்று முனை பிளக் இருக்கும், எர்த் கம்பி எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சரி செய்த பிறகு பாட்டைப் பார்க்கலாம். மைக் ஒயரைக் கரண்ட் ஒயரோடு பக்கத்தில் ஓட விடாதீர்கள்.

அறைக்கு: மெத்தையை மைக்குக்குப் பின்னால் கட்டுவார்கள். தொங்க வேண்டியது பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். மைக் முன்பக்கத்துச் சத்தத்தைத்தான் வாங்கும், பின் சுவரில் பட்டுத் திரும்புவதும் அந்த வழியாகவே வரும். பஞ்சு மெத்தை ஒன்று, பக்கத்துக்கு ஒரு கனத்த ஜமக்காளம், தரையில் இன்னொன்று. வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 செ.மீ. 'ப', 'ட' வெடிக்காமல் இருக்க நடுவில் எம்பிராய்டரி வளையத்தில் கட்டிய மெல்லிய நைலான் துணி. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்சக் குரல் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். சிவப்பு எரிந்தால் அந்த வரி திரும்பக் கிடைக்காது.

நேரம்: ராத்திரிதான் அமைதி என்று நினைப்பீர்கள். சம்பா நட்ட வயல் பக்கத்தில் இருந்தால் தவளைக் கச்சேரி விடியும்வரை. மார்கழிக் காலை கோயில் ஸ்பீக்கருக்குச் சொந்தம். மதியம் 2-லிருந்து 4 வரை நம் ஊர்களில் உண்மையான நிசப்தம். மின்விசிறியை நிறுத்தி 20 நிமிடம் பாடுவது, 10 நிமிடம் காற்று வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்தால் பாப் பாட்டு கெடுமா? (வாசகி, திருவையாறு)

கெடாது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதுதான் ஒரே தொந்தரவு. தம்பூராவில் ஒவ்வொரு சுரத்தையும் 8 எண்ணிக்கை அசையாமல் பிடித்துப் பழகினால் வேண்டும்போது அசைக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். திருவாரூர், சீர்காழியில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன, செலவும் குறைவு.

தொடர் முடிந்து இரண்டு வருஷம் ஆயிற்று. இன்னும் பாத்திரப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வயது 22. இனிப் பாட்டில் பெயர் எடுக்க முடியுமா? (வாசகி, பாபநாசம்)

அமெரிக்கப் பாடகி சப்ரினா கார்பென்டரைப் பாருங்கள். 'கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்' தொடர் 2014 முதல் 2017 வரை. டிஸ்னியின் இசைக் கம்பெனியில் நான்கு ஆல்பம் போட்டார், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2021-ல் கம்பெனி மாறினார். 2024-ல் 'எஸ்பிரெஸ்ஸோ' வந்தபோது வயது கிட்டத்தட்ட 25. அந்த வருஷம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஷார்ட் என் ஸ்வீட்' அவருக்கு ஆறாவது ஆல்பம்.

பாத்திரப் பெயரை விரட்ட வேண்டாம், வேலை வாங்குங்கள். 'ஹானா மொன்டானா' தொடரில் நடித்த மைலி சைரஸ் 2007-ல் இரட்டை ஆல்பம் போட்டார். ஒரு தட்டு அந்தப் பாத்திரத்தின் பெயரில், மற்றது சொந்தப் பெயரில். பாத்திரத்துக்காக வாங்கியவர் கையில் மைலியும் சேர்ந்து போனார். நீங்கள் கோயில் திருவிழா மேடைக்குப் போனால் முதல் பாட்டு தொடரின் பாட்டாக இருக்கட்டும், மூன்றாவது உங்கள் சொந்தப் பாட்டு. கடைசியில் வைத்தால் கூட்டம் எழுந்துவிடும். போஸ்டரில் சொந்தப் பெயர் பெரிதாக, பாத்திரப் பெயர் அடியில் சின்னதாக. ஆனால் பாத்திரப் பெயரை விளம்பரத்தில் போடச் சேனல் அனுமதி வேண்டுமா என்று பழைய ஒப்பந்தத்தில் பாருங்கள்.

பாட்டு தயார். கம்பெனி இல்லாமல் நாமே வெளியிடுவது எப்படி? (வாசகர், சீர்காழி)

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் கொண்டு சேர்க்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் சேவை ஒன்றில் கணக்குத் திறந்து, வெளியீட்டுக்கு 3, 4 வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை அனுப்ப குறைந்தது 7 நாள் முன்பாவது அது அங்கே இருக்க வேண்டும். வெளியானபின் அனுப்ப வழியில்லை. பாட்டு வேவ் கோப்பாக இருக்க வேண்டும், எம்.பி.3 வேண்டாம். அட்டைப் படம் 3000-க்கு 3000 பிக்சல், அதில் போன் நம்பரோ சேனல் முத்திரையோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிக்ஸிங்கில் காதைக் கிழிக்கும் அளவுக்கு ஏற்றி வாங்கிப் பயனில்லை, ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 LUFS என்ற சராசரி ஒலி அளவுக்கு அதுவே இறக்கிவிடும்.

30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஆகவே 40 விநாடி நாதஸ்வர முன்னிசை வேண்டாம், மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் பணம் கிடையாது.

ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்துள்ள ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஒன்று தருவார்கள். அதை எழுதி வையுங்கள். பிறகு டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினாலும் அதே குறியீட்டைக் கொடுக்க வேண்டும். புதிது வாங்கினால் பழைய எண்ணிக்கை அங்கேயே நின்றுபோய், பாட்டு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பாடுபவர் பெயரின் எழுத்துக்கூட்டலும் அப்படியே. முதல் பாட்டில் இன்ஷியலோடும் அடுத்ததில் இல்லாமலும் போட்டால் இரண்டு பக்கம் திறந்து, இரண்டு பேராகிவிடுவீர்கள்.